ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? எடை குறைக்கத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

என் வயது அப்போது 38, உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ. நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இணையத்தில் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய் கட்டினேன். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. ஒரு நாளைக்கு 1000 கலோரி, கீழே ஒரு உணவுப் பட்டியல். என் உயரம், வயது, வேலை, மருந்து எதையுமே அவர் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் நாலரை கிலோ குறைந்தது. மூன்றாவது மாதம் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. பயந்து போய் நிறுத்தினேன். அடுத்த மூன்று மாதத்தில் குறைந்தது முழுவதும் திரும்பி வந்து மறுபடி 76ல் நின்றது. அதற்குப் பிறகுதான் ஒரு உணவியல் நிபுணரைப் பார்த்து, முறையாகக் கணக்குப் போட்டு, எனக்கு உரிய எண் எது என்று கண்டுபிடித்தேன். அந்த எண் 1400. உங்களுடையது வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை, நான் சறுக்கிய இடங்களோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு சிறு விளக்கம்: நாம் பேச்சில் ‘கலோரி’ என்பது, உணவுப் பாக்கெட்டுகளில் ‘கிலோ கலோரி’ என்று அச்சாகியிருப்பதுதான். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் கிலோஜூல் என்று இருந்தால் 4.18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

1. இதை நீங்களாகவே செய்யலாமா என்று முதலில் பாருங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போடக் கூடாது. சாப்பாட்டைக் கண்டாலே பயம், சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு நாள்கணக்கில் பட்டினி கிடப்பது என்று எப்போதாவது இருந்திருந்தால் கலோரி எண்ணுவதே ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். என் மாமியார் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர். நான் தொடங்கியதைப் பார்த்து அவரும் இரவுச் சோற்றைப் பாதியாக்கினார், எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி எழுந்தார். வீட்டுக் கருவியில் அளந்தால் 61. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்த அந்தக் கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அளவை அவர் மாற்றட்டும், பிறகு சாப்பாட்டைக் குறையுங்கள். வரிசை மாறக் கூடாது.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

சமையலறைத் தராசு (டிஜிட்டல், 1 கிராம் வரை காட்டுவது) எனக்கு 400 ரூபாய் ஆனது. எடை பார்க்கும் மிஷின் 900. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் 30. ஒரு நோட்டு 20. ரத்தப் பரிசோதனைக்கு 1,100. உணவியல் நிபுணரை ஒரு முறை பார்க்க 600. ஆக மொத்தம் 3,050 ரூபாய். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இது மாறும். பணம் நெருக்கடி என்றால் ரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்த்துவிடலாம். சமையலறைத் தராசை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எடை மிஷின்கூட மருந்துக் கடையிலோ உறவினர் வீட்டிலோ கிடைத்துவிடும்.

பரிசோதனையில் நான் எடுத்தவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கொழுப்பு, ஹீமோகுளோபின். முந்தைய இரவு எட்டு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்து, காலையில் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல் போங்கள். காபி குடித்துவிட்டுப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அங்கே உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்திலேயே இரண்டு பேர் பார்த்தேன். முடிவு அன்று மாலையோ மறுநாளோ வந்துவிடும். தைராய்டு சரியில்லாமல் இருந்தால் சோர்வும் எடையும் அதனால்கூட வரலாம். அதற்கு மருந்து தொடங்காமல் கலோரியோடு மல்லுக்கட்டுவது வீண்.

நிபுணரிடம் போகும்போது மூன்று தாள்கள் கொண்டு போங்கள். ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவு. இரண்டாவது, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். மூன்றாவது, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு. அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். நான் இரண்டாவது முறை போனபோதுதான் இந்த மூன்றாவது தாளைக் கொண்டு போனேன். முதல் முறை நிபுணர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு ‘தெரியவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. எவ்வளவு எடை குறைய வேண்டும்?

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுங்கள். வருவது பி.எம்.ஐ. எனக்கு 76ஐ 1.58ஆல் வகுத்து, மறுபடி 1.58ஆல் வகுத்தால் 30.4. இந்தியர்களுக்கு 23ஐத் தொட்டால் கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன். செயலிகள் பல, மேற்கத்திய அளவான 25ஐயும் 30ஐயும் வைத்து, 24 உள்ள நமக்கு ‘நார்மல்’ என்று பச்சை விளக்குக் காட்டும். நம்மவர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருவதால்தான் அளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது.

இடுப்பையும் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. புடவையோ பாவாடையோ கட்டும் இடத்தில் அளப்பது தவறு, அது பெரும்பாலும் கீழே இருக்கும்.

பி.எம்.ஐ. 23க்குக் கீழே, இடுப்பும் அளவுக்குள் இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

கணக்குப்படி நான் 57 கிலோவுக்கு வர வேண்டும். 19 கிலோ என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. நிபுணர் அதை எழுதக்கூட விடவில்லை. இப்போதுள்ள எடையில் 5 சதவீதம், அதாவது சுமார் 4 கிலோ மட்டும் முதல் இலக்காக வையுங்கள் என்றார். அந்த 5 சதவீதத்துக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். அதை அடைந்த பிறகு அடுத்த 4 கிலோ.

4. காகிதத்தில் முதல் கணக்கு

மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் 1990ல் வெளியானது. நிபுணர்களும் செயலிகளும் பரவலாகப் பயன்படுத்துவது அதைத்தான். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சு, இதயம், மூளை, குடல் எல்லாம் ஓட உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அது மதிப்பிடுகிறது.

எடை கிலோவில் × 10
உயரம் செ.மீ.யில் × 6.25
இரண்டையும் கூட்டுங்கள்
அதில் வயது × 5ஐக் கழியுங்கள்
பெண் என்றால் மேலும் 161ஐக் கழியுங்கள். ஆண் என்றால் 5ஐக் கூட்டுங்கள்

எனக்கு: 760 + 987.5 − 190 − 161 = 1396.

45 வயது, 170 செ.மீ., 84 கிலோ ஆண் என்றால்: 840 + 1062.5 − 225 + 5 = 1682.

இதை உங்கள் உழைப்பின் அளவால் பெருக்க வேண்டும். வருவதுதான் உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் மொத்தக் கலோரி. உட்கார்ந்த வேலை, நடை குறைவு என்றால் 1.2. வாரத்தில் சில நாள் நடைப்பயிற்சி போன்ற லேசான உழைப்பு என்றால் 1.375. தினமும் ஒரு மணி நேரம் நல்ல உடற்பயிற்சி அல்லது நின்று நடந்து பார்க்கும் வேலை என்றால் 1.55. கட்டட வேலை, வயல் வேலை, கடல் தொழில் போன்றவற்றுக்கு அதற்கும் மேல்.

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். காலையும் மாலையும் சமையல், துணி, பாத்திரம் என்று மூன்று மணி நேரம் நிற்கிறேனே என்று 1.375ஐ எடுத்தேன். 1920 வந்தது. 1.2 எடுத்திருந்தால் 1675. உண்மை நடுவில் எங்கோ இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது ஏழாவது படியில் வருகிறது. சந்தேகம் என்றால் கீழ் எண்ணை எடுங்கள்.

உயரத்திலும் ஒரு பொறி உண்டு. 5 அடி 10 அங்குலத்தை ‘5.10’ என்று எழுதி, அதை 30.48ஆல் பெருக்கி 155 செ.மீ. என்று போட்டார் என் தம்பி. சரியான விடை 178. ஒரு நாளைக்கு 140 கலோரி அங்கேயே பிசகிவிட்டது. டேப்பை வைத்து நேராகச் செ.மீ.யில் அளந்துவிடுங்கள்.

5. எவ்வளவு குறைக்கலாம்?

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் 3850. ஒரு நாளைக்கு 550. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்துக்கு அரைக் கிலோ என்பதையே பாதுகாப்பான வேகம் என்கிறது.

550ஐ எல்லோரும் கழிக்க முடியாது. 2300 கலோரி செலவாகும் ஆணுக்கு அது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 1700 செலவாகும் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதனால் சதவீதத்தில் கழியுங்கள்: மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதம். வேகம் குறைவாகத்தான் இருக்கும். எனக்கு மாதத்துக்கு ஒன்று, ஒன்றேகால் கிலோ என்ற கணக்கு. மாதக்கணக்கில் தாங்கக்கூடிய வேகம் அது.

பெண்களுக்கு 1200, ஆண்களுக்கு 1500 என்பதற்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகாதீர்கள். 1200 என்பது கடைசிப் படி. அதுவே இலக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் செயலிகளும் ஒரு காரணம். ‘வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும்?’ என்று கேட்கும்போது ஆசையில் ஒரு கிலோவைத் தொடுகிறோம். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1100 கழிக்க வேண்டும். 1920ல் 1100 போனால் 820. அவ்வளவு கீழே காட்டக் கூடாது என்பதால் செயலி 1200ல் நிறுத்திவிடுகிறது. உயரமான பெண், குள்ளமான பெண், இருபது வயது, அறுபது வயது, எல்லோருக்கும் ஒரே 1200 வருவது இப்படித்தான்.

அதிவேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். அதனால் ஷாம்புவையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். நான் அப்படித்தான் மூன்று ஷாம்பு மாற்றினேன்.

இப்போதைக்கு உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் எண்: 1920ல் 20 சதவீதம் போக 1536. அதை 1540 என்று வைத்துக்கொண்டேன்.

கைக்கடிகாரம் ‘இன்று 300 கலோரி எரித்தீர்கள்’ என்று காட்டினால் அதற்குச் சாப்பிடாதீர்கள். 1.375 என்று பெருக்கியபோதே நடையைச் சேர்த்துவிட்டோம். இரண்டு முறை எண்ணினால் பற்றாக்குறை காணாமல் போய்விடும்.

6. அளந்து எழுதுவது

1992ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 1200க்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் கணக்கில் விட்டிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று விட்டதில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். நம் சமையலில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வைக்கும் குழம்பில், இன்னும் எளிதாக ஏமாறுவோம்.

எண்ணெய்: தாளிக்கும்போது ஒவ்வொரு கரண்டியையும் அளக்க முடியாது. மாதக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், மாதம் 4 லிட்டர் எண்ணெய் வாங்கினோம். ஒரு லிட்டர் 920 கிராம், கிராமுக்கு 9 கலோரி. மொத்தம் 33,000. நாலு பேருக்கும் முப்பது நாளைக்குமாக வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 275 கலோரி. அப்படியே அந்த 275ஐ தினமும் நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டேன். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், செக்கு எண்ணெய் எல்லாவற்றுக்கும் கலோரி ஒன்றுதான். இப்போது இரண்டரை லிட்டரில் முடித்துக்கொள்கிறோம், ஆளுக்கு 172.

தேங்காய்: எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் குழம்பு கிடையாது. அவியல், தீயல், மீன் குழம்பு, துவையல் என்று தினமும் ஒரு காய் போகும். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு காயின் துருவல் 240 கிராம் இருந்தது. 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி. ஆளுக்கு 210. தேங்காயை யாரும் விட வேண்டாம். ஒரு காயை அரைக் காயாக்கினோம். தீயலுக்கு முழுசாகவும் மற்றதற்குக் கொஞ்சமாகவும் பங்கு போட்டுக்கொண்டோம்.

காபி: 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மி.லி. 87 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. ஒரு நாளைக்கு மூன்று முறை என்றால் 380. டோன்டு பாலுக்கு மாறி, ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு இரண்டு முறை குடித்தால் 156.

இந்த மூன்றிலும் சேர்த்துச் சோற்றில் கை வைக்காமலேயே 400க்கு மேல் குறைந்துவிட்டது. சோறுதான் குற்றவாளி என்று ஆறு வாரம் சோறே சாப்பிடாமல் இருந்த எனக்கு இதை நோட்டில் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது.

சோறு: பச்சை அரிசியா வெந்த சோறா என்பதில்தான் பெரிய குழப்பம். அரிசியாக 100 கிராம் என்றால் சுமார் 350 கலோரி. வெந்த பிறகு அதே எடைக்கு 125, 130தான். தட்டில் உள்ள 150 கிராம் சோற்றைச் செயலியில் ‘அரிசி’ என்று பதிந்தால் 190க்குப் பதில் 525 காட்டும். ஒரு முறை மட்டும் இதைச் செய்துவிடுங்கள்: வேகுமுன் அரிசியையும், வடித்த பிறகு மொத்தச் சோற்றையும் நிறுங்கள். எங்கள் வீட்டுச் சம்பா அரிசி 300 கிராம், 840 கிராம் சோறானது. 1050 கலோரியை 840ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.25. பாத்திரங்களின் வெற்று எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் தினமும் வேலை சுலபம்.

சாமை, வரகு, தினை எல்லாம் நல்ல தானியங்கள், நார்ச்சத்து உண்டு. கலோரியில் அவை அரிசிக்கு நெருக்கம்தான். ‘சிறுதானியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பதை நம்பாதீர்கள். அதே போல நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் சர்க்கரையை விடப் பெரிதாகக் குறைந்ததில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் 100 கிராமுக்கு 150ஐ ஒட்டி வரும்; எங்களைப் போல மீன் குழம்போடு ஒரு தட்டு சாப்பிடுபவர்கள் அதைச் சோற்றுக்குப் பதிலாக எண்ணுங்கள், சோற்றோடு சேர்த்து வேண்டாம்.

பாக்கெட் உணவில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண்ணைப் பார்க்காமல் ‘100 கிராமுக்கு’ என்பதைப் பாருங்கள். ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட்டாக இருக்கும். நாம் ஆறு சாப்பிட்டிருப்போம்.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை அம்மாக்கள்தான் சாப்பிடுகிறோம். அதையும் எழுதுங்கள்.

கலோரி எங்கே பார்ப்பது? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. செயலி என்றால், யார் வேண்டுமானாலும் பதிவேற்றிய ‘சாம்பார் ஒரு கப் 40’ போன்றவற்றை எடுக்காதீர்கள். பருப்பு, எண்ணெய், காய் என்று பிரித்துப் போடுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் பத்து நிமிடம் போதும், ஏனென்றால் நம் வீடுகளில் திரும்பத் திரும்பச் செய்வது இருபது சமையல்தான்.

7. ஆறு வாரம்: உங்கள் உடம்பு சொல்லும் எண்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் படியை விடாதீர்கள். சூத்திரம் கொடுத்தது ஊகம்தான். அதை உங்கள் எடையை வைத்தே திருத்த வேண்டும்.

தினமும் காலையில் கழிவறை போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். மிஷின் கால்மிதி மேல் இல்லாமல் தரையில் இருக்கட்டும். எழுதுங்கள், அன்றன்றைய எண்ணுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். முந்தைய இரவு கருவாடோ ஊறுகாயோ கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால், உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் அப்படித்தான். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து வாரச் சராசரி எடுங்கள்.

முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். இரண்டாவது வாரச் சராசரியையும் ஆறாவது வாரச் சராசரியையும் ஒப்பிடுங்கள். நடுவில் 28 நாள். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ஏறக்குறைய அதே சுழற்சி நாள்கள் என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

எனக்கு இரண்டாவது வாரம் 75.1, ஆறாவது வாரம் 74.3. இறங்கியது 0.8 கிலோ.
0.8 × 7700 = 6160
6160ஐ 28 நாளால் வகுத்தால் 220

நோட்டின்படி நான் சராசரியாகச் சாப்பிட்டது 1540. ஆக என் உடம்பின் உண்மையான தினச் செலவு 1540 + 220 = 1760. சூத்திரம் சொன்ன 1920ஐ விட 160 குறைவு. அதில் 20 சதவீதம் போக 1408. இப்படித்தான் 1400க்கு வந்தேன்.

இந்த முறையில் இன்னொரு நன்மை இருக்கிறது. நீங்கள் தினமும் ஒரே மாதிரி 100 கலோரி விட்டுவிட்டு எழுதினாலும், அந்தத் தவறு இரண்டு பக்கமும் இருப்பதால் இலக்கு உங்கள் நோட்டுக்குப் பொருந்தியே வரும். சில நாள் எழுதுவது, சில நாள் விடுவது என்றால்தான் கணக்கு உடையும்.

28 நாளில் எடை அசையவே இல்லையா? சாப்பிட்ட சராசரிதான் உங்கள் செலவு. அதிலிருந்து 15 சதவீதம் கழியுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்குகிறதா? 200 கூட்டுங்கள். இறங்குவது மகிழ்ச்சியாக இருந்தாலும் கூட்டுங்கள்.

8. அந்த எண்ணுக்குள் புரதம்

1400 கலோரியை இட்லியிலும் முறுக்கிலும் முடித்துவிடலாம். பசியும் தீராது, தசையும் நிற்காது. சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. எடை குறைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று எனக்கு ஒரு நாளைக்கு 65 கிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். 30 கிராம் பருப்பில் அல்லது கொண்டைக்கடலையில் 6, 7 கிராம். 30 கிராம் சோயா உருண்டையில் 15. 100 கிராம் மீனிலோ கோழியிலோ 18 முதல் 20 வரை. எனக்குச் சாளை மீன் பெரிய உதவியாக இருந்தது, விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பிலோ வாழை இலையில் சுட்டோ சாப்பிட்டேன். சைவம் என்றால் சுண்டல், தயிர், சோயா, பனீர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்றைத் திட்டமிட்டு வைத்தால்தான் 60ஐத் தொட முடியும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும்.

9. கல்யாணமும் பொங்கலும்

நாளுக்கு 1400 என்றால் வாரத்துக்கு 9800. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் திங்கள் முதல் சனி வரை ஒரு நாளைக்கு 100 குறைத்து 600 சேர்த்து வைத்துக்கொள்வேன். பந்தியில் உட்கார்ந்து தராசு தேட முடியாது. பாயசத்தோடு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 1200 என்று மொத்தமாக எழுதிவிடுவேன். கூடிப்போனாலும் மறுநாள் பட்டினி கிடப்பதில்லை. பட்டினி கிடந்த ஒவ்வொரு முறையும் அன்று மாலையே இரண்டு மடங்கு சாப்பிட்டிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது.

10. எண்ணை எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது

ஒவ்வொரு 4, 5 கிலோ இறங்கியதும் ஏழாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். உடம்பு சிறிதானால் செலவும் குறையும். ஒன்பது மாதத்தில் நான் 67.5 கிலோவுக்கு வந்தபோது என் தினச் செலவு 1650 ஆகியிருந்தது. அதில் 15 சதவீதம் கழித்தாலே 1400 வந்துவிடுவதால் எண்ணைத் தொடவில்லை. இறங்கும் வேகம் கொஞ்சம் குறைந்தது, மாலையில் அரை மணி நேர நடையைச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் குறைப்பே இல்லாமல், செலவாகும் அளவுக்குச் சாப்பிட்டேன். மனசுக்கு அது பெரிய ஓய்வு. எடை ஏறவில்லை.

தலைசுற்றல், மாதவிடாய் தவறுவது, முடி அதிகமாகக் கொட்டுவது, எப்போதும் குளிர்வது, ராத்திரி பசியில் விழிப்பது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவாகவே இருப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே 200, 300 கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் நோட்டையும் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வலது விலாவுக்குக் கீழே கடும் வலி வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும்.

இலக்கு எடையைத் தொட்டதும் ஒரேயடியாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100 கலோரி கூட்டிக்கொண்டே வாருங்கள். அப்போதும் தினமும் காலையில் எடை பாருங்கள். வாரச் சராசரி இறங்குவது நிற்கும் இடம் எதுவோ, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.